ஃபார்மலினில் போடுவதற்கு முன்

சென்னையில் சின்ன நர்சிங் ஹோம் ஆகட்டும், பெரிய மருத்துவமனை ஆகட்டும், வயிற்று ஆபரேஷனில் வெளியே எடுத்தது நேராகப் போய் விழுவது, திசு கெடாமல் வைக்கும் திரவமான ஃபார்மலின் உள்ள டப்பாவில்தான். குடல்வால், பித்தப்பை, கட்டி, நீர்க்கொப்புளம் எல்லாவற்றுக்கும் அதே டப்பா, அதே லேபிள். புற்றுநோயா, காசநோயா என்று பார்க்க அது போதும். உள்ளே ஒட்டுண்ணி இருந்தாலோ, ஃபார்மலின் பட்டதும் அதன் அசைவு நின்றுவிடும். பல ஒட்டுண்ணிகளை அடையாளம் காட்டும் முதல் தடயமே அந்த அசைவுதான்.

வயிற்றுத் தொற்றுகளில் ஒட்டுண்ணி கண்ணில் படாமல் போவதற்கு அதன் அபூர்வத்தைக் காரணமாகச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய காரணம், சரியான பகுதி சரியான டப்பாவில் சரியான நேரத்துக்குள் லேபுக்கு வராமல் போவது. இதன் மறுபக்கமும் உண்டு. ஒட்டுண்ணியே இல்லாத ஒன்றை ஒட்டுண்ணி என்று எழுதி, நோயாளிக்குத் தேவையில்லாத மருந்து போவதும் நடக்கிறது. இரண்டையும் தடுக்க முடியும், செலவும் அதிகமில்லை.

அடிப்படை விதி இதுதான். துளி சந்தேகம் இருந்தாலும் மாதிரியைப் பிரித்து அனுப்புங்கள். ஒரு பங்கு எதுவும் சேர்க்காமல் ஸ்டெரைல் டப்பாவில், ஒரு பங்கு ஃபார்மலினில். டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்யும் எண்ணம் இருந்தால் இன்னொரு பங்கை ஃபிரீசரிலோ எத்தனாலிலோ வையுங்கள். ஃபார்மலினில் ஊறியதிலிருந்து நல்ல டிஎன்ஏ கிடைப்பது கடினம்.

கல்லீரல் சீழ்க்கட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் கோட்டை விடுவது அங்கேதான். இளவயது அல்லது நடுவயது ஆண், குடிப்பழக்கம், காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே தொட்டால் வலி, ஸ்கேனில் வலது மடலில் ஒற்றைக் கட்டி. இது ஹவுஸ் சர்ஜனுக்கும் மனப்பாடம். எண்டமீபா ஹிஸ்டாலிடிக்கா என்ற அமீபா என்று நினைத்து மெட்ரானிடசோல் தொடங்குவார்கள், பெரும்பாலும் மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கட்டி பெரிதாக இருந்தாலோ, இடது மடலில் இருந்து இதய உறைக்குள் உடையும் அபாயம் இருந்தாலோ, மருந்துக்கு அசையாவிட்டாலோதான் ஊசி போட்டு எடுப்பார்கள்.

அப்போது முதலில் வருவது செத்துக் கரைந்த கல்லீரல் திசு. செம்பழுப்பு நிறம், கெட்டியான பதம், நாற்றம் இருக்காது. நாற்றம் அடித்தால் ஆக்சிஜன் இல்லாமல் வளரும் பாக்டீரியாக்களை நினைக்க வேண்டும். இந்தச் சீழில் வெள்ளணுக்களே குறைவு, அமீபா அவற்றையும் கொன்று கரைத்துவிடுகிறது. உயிருள்ள அமீபா இருப்பது கட்டியின் சுவரோரம், நல்ல திசுவை அரித்துக்கொண்டே போகும் விளிம்பில். அதனால் ஊசியில் கடைசியாக வரும் சில மி.லி.தான் மதிப்புள்ளது. வார்டில் நடப்பது என்னவென்றால், முதலில் வந்த 10 மி.லி.யை லேபுக்கு அனுப்பிவிட்டு மீதியைக் கொட்டிவிடுவார்கள். அமீபா தெரியவில்லை என்று ரிப்போர்ட் போகும். முதலில் வந்ததைக் கல்ச்சருக்கு வையுங்கள், கடைசியில் வந்ததைத் தனி டப்பாவில் எடுத்து ‘கடைசி’ என்று எழுதி நேரத்தையும் குறியுங்கள். லேபிலிருந்து போகும் முதல் போனிலும் கேட்க வேண்டியது இதைத்தான்: “சிஸ்டர், கடைசியா வந்த சீழ் எந்த டப்பால இருக்கு? எத்தனை மணிக்கு எடுத்தீங்க?”

அடுத்த சிக்கல் ஐஸ் பெட்டி. தாம்பரத்திலோ அம்பத்தூரிலோ இருக்கும் கலெக்‌ஷன் சென்டரிலிருந்து மாதிரிகளை பைக்கில் எடுத்துவரும் தம்பிகள், எல்லாவற்றையும் ஜெல் ஐஸ் வைத்த பெட்டியில் போட்டுத்தான் கொண்டு வருகிறார்கள். பல ரத்தப் பரிசோதனைகளுக்கு அது சரி. அமீபாவுக்கு அது சாவு. ஃபிரிட்ஜில் வைத்தாலும் அப்படியே. அதற்காக மே மாத வெயிலில் வண்டியின் டிக்கிக்குள் போட்டுவிடவும் கூடாது. உடல் சூட்டை ஒட்டிய வெதுவெதுப்பில் அரை மணி நேரத்துக்குள் ஸ்லைடு போட்டாக வேண்டும். கிண்டி தாண்டுவதற்கே அரை மணி ஆகும் ஊரில் இதற்கு ஒரே வழி, மருத்துவமனையிலேயே ஒரு மைக்ராஸ்கோப்பும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் இருப்பது.

ஸ்லைடில் 0.85 சதவீத சலைன் ஒரு துளி, சீழ் ஒரு துளி, மேலே கவர்ஸ்லிப். முதலில் 10 மடங்கு லென்ஸில் முழுவதையும் ஓட்டிப் பார்த்துவிட்டு 40க்குப் போக வேண்டும். ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைக் கொஞ்சம் இறக்கி, ஒளி வரும் துவாரமான ஐரிஸை மூடி வெளிச்சத்தைக் குறைக்காவிட்டால் நிறமற்ற அமீபா கண்ணுக்கே தெரியாது. அயோடினை எடுத்தவுடன் போடாதீர்கள். அது அமீபாவைக் கொன்றுவிடும். ஏசி அறையில் ஸ்லைடு ஆறிவிட்டால் அமீபா சுருண்டு நின்றுவிடும், கொஞ்சம் சூடு காட்டினால் மறுபடி நகரும். அந்த நகர்வைத்தான் தேட வேண்டும். ஒரு பக்கமாகக் கண்ணாடி போன்ற ஒரு புடைப்பு நீளும், உள்ளிருக்கும் துகள்கள் எல்லாம் அதற்குள் பாயும், மொத்த உடம்பும் அதே திசையில் நகரும். உள்ளே சிவப்பணுக்கள் விழுங்கப்பட்டிருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது.

பெரும்பாலும் என்று எழுதக் காரணம் மேக்ரோஃபேஜ், நம் உடம்பிலேயே இருக்கும் விழுங்கும் செல். அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு, அதுவும் சிவப்பணுவை விழுங்கும். ஆனால் அமீபாவைப் போல ஒரே திசையில் விரைந்து நகராது. அதன் நியூக்ளியஸ் உடம்பைப் பார்க்கப் பெரிதாக இருக்கும். அமீபாவின் நியூக்ளியஸ் சிறியது, நடுவில் ஒரு புள்ளி. திசுத் துண்டில் பார்க்கும்போது பிஏஎஸ் சாயம் போட்டால் அமீபா பளிச்சென்று மெஜந்தா நிறத்தில் எடுத்துக் காட்டும். இது எந்த ஹிஸ்டோபதாலஜி லேபிலும் கைவசம் இருக்கும் சாயம்தான். கேட்டால் போடுவார்கள், கேட்பதில்லை.

சீழில் அமீபா தெரியாதது நோய் இல்லை என்பதற்கு ஆதாரமாகாது, எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் பெரும்பாலான கட்டிகளில் அது தெரிவதில்லை. மலத்திலும் பலருக்கு இருக்காது. ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கலாம், ஆனால் அது வருடக்கணக்கில் நிற்கும் என்பதால் நம் ஊரில் பாசிட்டிவ் வந்தால் பழைய தொற்றாகவும் இருக்கலாம். சீழில் பிசிஆர் செய்வதே நம்பகமானது. இன்னொன்று, மெட்ரானிடசோல் கட்டியில் இருக்கும் அமீபாவைக் கொல்லும், குடலில் தங்கியிருக்கும் சிஸ்டுகளை, அதாவது உறை போட்ட அமீபாக்களை, முழுதாக ஒழிக்காது. 7 முதல் 10 நாள் அதைக் கொடுத்த பிறகு டைலாக்ஸனைட் ஃபுரோயேட் 500 மி.கி. தினம் மூன்று வேளை 10 நாள் என்று இரண்டாவது மருந்தும் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் அடிக்கடி விட்டுப்போகும் வரி அது.

இனி உண்மையிலேயே விசித்திரமானவை. வயிற்று நீரில், அதாவது பெரிட்டோனியல் திரவத்தில், ஒரு முனையில் மயிர்க்கற்றை அடிக்க, சுழன்று சுழன்று ஓடும் ஒன்று தெரிந்தால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். லோஃபோமோனாஸ் பிளாட்டாரம் என்று ஓர் உயிரி உண்டு. கரப்பான்பூச்சியின் குடலில் வாழ்வது, ஒரு முனையில் கற்றையாகக் கசையிழைகள் கொண்டது. நுரையீரல் சளியில் பார்த்ததாக நிறைய அறிக்கைகள் வந்தன. அவற்றில் பலவற்றை, அது மனித மூச்சுக்குழாயின் சிலியா, அதாவது அசையும் மயிரிழைகள், கொண்ட செல்தான் என்று மற்ற நிபுணர்கள் மறுத்துவிட்டார்கள். வயிற்று நீரிலும் அதே குழப்பம் வரும். பெண்களின் கருக்குழாய் உட்சுவரில் சிலியா செல்கள் உண்டு. அவை உதிர்ந்து, சில சமயம் செல்லின் தலைப்பகுதி மட்டும் சிலியாவோடு பிய்ந்து, வயிற்று நீரில் மிதந்து அடித்துக்கொண்டே இருக்கும். இது நோயே இல்லை.

பிரித்துப் பார்ப்பது இப்படி. மனித செல்லில் சிலியா எல்லாம் ஒரே நீளம், அவை முளைக்கும் இடத்தில் ஒரு தடித்த நேர்கோடு தெரியும், நியூக்ளியஸ் எதிர் முனையில் கிடக்கும். லோஃபோமோனாஸில் அந்தக் கோடு கிடையாது, இழைகள் நீளத்திலும் திசையிலும் ஒழுங்கற்று இருக்கும். ஈரமான ஸ்லைடை மட்டும் வைத்து முடிவு எழுதக் கூடாது. ஜீம்சா அல்லது பாப்பனிக்கொலாவ் சாயம் போட்டு 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் நோயாளி ஆணா பெண்ணா என்று கேட்க வேண்டும். ஆணின் வயிற்று நீரில் கருக்குழாய் செல் வர வழியில்லை. அப்போது விஷயம் வேறு.

உண்மையான சிலியேட், அதாவது சிலியா கொண்ட ஒற்றைசெல் உயிரி, பாலண்டிடியம் கோலை. மனிதனைத் தொற்றும் புரோட்டோசோவாக்களிலேயே பெரியது இதுதான். 50 முதல் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) என்பது சாதாரண அளவு, அதைத் தாண்டியும் போகும். உடம்பு முழுக்க சிலியா, அவரைவிதை வடிவில் ஒரு பெரிய நியூக்ளியஸ். பன்றிகளிடமிருந்து வருவது. பெருங்குடலில் புண் ஏற்படுத்தும், அபூர்வமாகக் குடல்வாலுக்கும், குடலைத் துளைத்து வயிற்றறைக்கும் போகும். டெட்ராசைக்ளின் 500 மி.கி. நான்கு வேளை 10 நாளில் போய்விடும். ஆனால் இதை எழுதுவதற்கு முன்னால் லேபில் வைத்திருக்கும் சலைன் பாட்டிலில் ஒரு துளி எடுத்துத் தனியாக மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். வாரக்கணக்கில் திறந்துமூடிய சலைனிலும், குழாய்த் தண்ணீரில் கழுவிய டப்பாவிலும் தண்ணீரில் வாழும் சிலியேட்டுகள் சுகமாக இருக்கும். நோயாளியின் வயிற்றில் இல்லாததை நாமே ஸ்லைடில் ஊற்றிவிட்டு வியாதி கண்டுபிடிக்கக் கூடாது.

குடல்வாலில் கீரிப்பூச்சி இருப்பது பதாலஜி பார்ப்பவர்களுக்குப் பழகியது. பல குடல்வால்களில் பூச்சி இருக்கும், அழற்சி இருக்காது, வலிக்குப் பூச்சிதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குறுக்குவெட்டில் உடம்பின் இரு பக்கமும் முள் போன்ற புடைப்பு தெரிந்தால் அது எண்டரோபியஸ், அதாவது கீரிப்பூச்சி. நோயாளிக்கும் வீட்டில் எல்லாருக்கும் அல்பெண்டசோல் 400 மி.கி., இரண்டு வாரம் கழித்து மறுபடி 400. முட்டையை அந்த மருந்து கொல்லாது என்பதால்தான் இரண்டாவது தவணை. கவலைப்பட வேண்டிய வடிவம் வேறு. பெண் பூச்சி இரவில் ஆசனவாய்க்கு வெளியே முட்டையிட வந்து வழி தவறி, பிறப்புறுப்பு, கருப்பை, கருக்குழாய் வழியாக வயிற்றறைக்குள் போய்ச் செத்துவிடும். அதைச் சுற்றி கிரானுலோமா, அதாவது அழற்சி செல்கள் திரண்ட முடிச்சு, உருவாகும். வயிற்றைத் திறந்தால் இடுப்புப் பகுதியில் வெள்ளை முடிச்சுகள். நம் ஊரில் கிரானுலோமா என்றாலே காசநோய் என்று ஆறு மாத மருந்து தொடங்கிவிடுவார்கள். முடிச்சின் நடுவில் ஒரு பக்கம் தட்டையான, 50 முதல் 60 மைக்ரான் நீளமுள்ள முட்டைகள் இருக்கின்றனவா என்று இன்னும் சில துண்டுகள் வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நாக்குப்பூச்சி எனும் அஸ்காரிஸ் பித்தக்குழாயில் ஏறுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதை ஸ்கேனிலேயே பிடிக்கலாம். குழாய்க்குள் இரண்டு இணைகோடுகள், பின்னால் நிழல் விழாது, கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் நெளியும். பெரும்பாலும் அதுவாகவே குடலுக்குத் திரும்பிவிடும். வலிக்கு மருந்து, டிரிப்ஸ், காய்ச்சல் இருந்தால் ஆன்டிபயாடிக் போதும். பூச்சி குழாய்க்குள் இருக்கும்போதே அவசரப்பட்டுப் பூச்சி மருந்து கொடுத்து அங்கேயே செத்துப்போனால், அந்த உடலைச் சுற்றிப் பிறகு கல் வளரும். மூன்று வாரம் கழித்தும் இருந்தால் எண்டோஸ்கோப்பியில் எடுக்கலாம். அப்போது குழாயின் வாயை வெட்டி அகலமாக்காமல் எடுக்க முடிந்தால் நல்லது, அகலமான வாய் அடுத்த பூச்சிக்கு வழிவிடும். குடலை வெட்டித் தைக்கும் ஆபரேஷன் திட்டமிட்டு நடப்பதாக இருந்தால் முன்கூட்டியே பூச்சி மருந்து கொடுப்பது வீண் செலவில்லை. புதுத் தையலின் இடைவெளி வழியாகப் பூச்சி வயிற்றறைக்குள் வருவது நடக்கிற விஷயம்.

ஹைடடிட் நீர்க்கட்டிக்கு வருவோம். எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ், நாயின் குடலில் வாழும் சிறு நாடாப்புழு. ஆடு வெட்டும் இடத்தில் நீர்க்கட்டியுள்ள ஈரலை நாய்க்குப் போட்டால் சுழற்சி தொடரும். மனிதனுக்குக் கல்லீரலில் கட்டி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். இங்கே முதல் தவறு ஊசி. சாதாரண நீர்க்கட்டி என்று நினைத்து ஊசி குத்தினால் உள்ளிருக்கும் திரவம் வயிற்றறையில் கசிந்து உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வரலாம், சிந்திய ஒவ்வொரு குருத்தும் (புழுவின் குட்டித் தலை) புதுக்கட்டியாகவும் வளரலாம். ஸ்கேனில் இரட்டைச் சுவரோ, உள்ளே குட்டிக் கட்டிகளோ, பிரிந்து மிதக்கும் தோலோ தெரிந்தால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டும்.

திட்டமிட்டுக் குத்துவது வேறு. அல்பெண்டசோலை முன்பே தொடங்கி, அலர்ஜி வந்தால் கொடுக்க அட்ரினலினைக் கையருகில் வைத்து, கல்லீரல் திசு வழியாக ஊசியைச் செலுத்தித் திரவத்தை எடுப்பார்கள். அதில் பித்தம் கலந்திருக்கிறதா என்று அங்கேயே பார்ப்பார்கள். பித்தம் இருந்தால் 20 சதவீத உப்புக்கரைசலோ ஆல்கஹாலோ உள்ளே செலுத்தக் கூடாது, பித்தக்குழாய் சுருங்கி நிரந்தரமாகப் பாழாகும். எடுத்த திரவம் தெளிவாக இருந்தாலும் அப்படியே ஸ்லைடில் வைத்தால் ஒன்றும் தெரியாது. சென்ட்ரிஃபியூஜ் செய்து அடியில் தங்கும் மண் போன்ற வண்டலை எடுக்க வேண்டும். அதில் குருத்துகளும் உதிர்ந்த கொக்கிகளும் இருக்கும். கொக்கிகள் சில பத்து மைக்ரான் அளவே, ஆனால் ஐரிஸை மூடினால் பளபளக்கும். காசநோய்க்கிருமிக்குப் போடும் ஜீல்-நீல்சன் சாயத்திலும் அவை சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். குருத்து உயிரோடு இருக்கிறதா என்பதற்கு 0.1 சதவீத ஈயோசின் ஒரு துளி போதும். செத்தது சிவக்கும், உயிருள்ளது சிவக்காது. மருந்து வேலை செய்ததா என்பதை அறுவை மருத்துவருக்கு அந்த நிமிடமே சொல்ல இதைவிட எளிய வழி கிடையாது. அல்பெண்டசோல் 400 மி.கி. இரண்டு வேளை, கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் மிகக் குறைவாகவே ஏறும். மாதக்கணக்கில் போகும் மருந்து என்பதால் கல்லீரல் பரிசோதனையும் ரத்த அணு எண்ணிக்கையும் இடையிடையே பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்கச் சொன்னால் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடல்புழுவைத்தான் சொல்வேன். வெறுங்காலில் மண்ணிலிருந்து ஏறும் இது, குடலுக்குள்ளேயே அடுத்த தலைமுறையைப் பெருக்கி அதே ஆளை மறுபடி தொற்றும். அதனால் 40 வருடம் கழித்தும் உள்ளே இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பர்மா ரயில் பாதையில் வேலை செய்த பிரிட்டிஷ் கைதிகளிடம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் இது கண்டுபிடிக்கப்பட்டது. கிராமத்தில் வளர்ந்து சென்னையில் அபார்ட்மென்டில் இருப்பவரின் வயிற்றில் இது இருக்கலாம், ஒரு தொல்லையும் தராமல். ஆஸ்துமாவுக்கோ, மூட்டுக்கோ, சிறுநீரக மாற்றுக்கோ ஸ்டீராய்டு தொடங்கியதும் கட்டு உடையும். லார்வாக்கள் லட்சக்கணக்கில் குடல் சுவரைத் துளைத்து நுரையீரல், வயிற்று நீர், மூளை வரை போகும். போகும்போது குடல் பாக்டீரியாக்களையும் கூட்டிக்கொண்டு போகும். வெளியே தெரிவது குடல் அசைவற்றுப் போதல், வாந்தி, ரத்தத்தில் இ. கோலை அல்லது கிளெப்சியெல்லா. ஆன்டிபயாடிக் மாறிமாறி ஏறும், பூச்சியை யாரும் தேடமாட்டார்கள். புழுத் தொற்றில் வழக்கமாகக் கூடும் வெள்ளணுவான ஈசினோஃபில் கூடியிருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவோம். இந்தக் கட்டத்தில் அது இயல்பாகவோ பூஜ்யமாகவோதான் இருக்கும்.

மலத்தில் ஒரு தடவை பார்த்து இல்லை என்று விடக் கூடாது. லார்வா தினமும் வராது. நியூட்ரியன்ட் அகார் தட்டின் நடுவில் இரண்டு மூன்று கிராம் புது மலத்தை வைத்து, டேப் ஒட்டி மூடி, அறை வெப்பத்தில் விட்டால், இரண்டு மூன்று நாளில் லார்வா ஊர்ந்த தடத்தில் பாக்டீரியாக்கள் கோலப்புள்ளி போல வரிசையாக வளர்ந்திருக்கும். தட்டைத் தொடும்போது கையுறை கட்டாயம், அந்த லார்வா தோலைத் துளைக்கும். கொக்கிப்புழு லார்வாவிலிருந்து பிரிக்க வாயைப் பாருங்கள். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸுக்கு வாய்க்குழி குட்டை, கொக்கிப்புழுவுக்கு நீளம். மருந்து ஐவர்மெக்டின், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். சாதாரணத் தொற்றுக்கு ஒன்றிரண்டு நாள், பரவிய நோய்க்கு லார்வா மறைந்து இரண்டு வாரம் ஆகும்வரை தினமும். பள்ளிகளில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை நாக்குப்பூச்சிக்கு நல்லது, இதற்குப் போதாது. ஸ்டீராய்டு நீண்ட நாள் தொடங்கப்போகும் ஒவ்வொருவருக்கும் ஐவர்மெக்டின் பற்றி டாக்டர் ஒரு முறை யோசிக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, வயிற்றுக்குள் கடகட சத்தம், ஆல்புமின் குறைந்து கால் வீக்கம் என்று வருபவரிடம், சாட்டைப்புழு முட்டை என்று கடந்துபோகும் ஒன்றை இன்னொரு தரம் அளக்க வேண்டும். சாட்டைப்புழு முட்டை 50 மைக்ரானுக்கு மேல், முனை மூடிகள் துருத்தி நிற்கும். 45க்குள் இருந்து, மூடிகள் தட்டையாக, ஓடு கோடு கோடாக இருந்தால் அது கேப்பில்லேரியா பிலிப்பினென்சிஸ் என்ற குடல்புழு. 1960களில் பிலிப்பைன்ஸில் பலரைக் கொன்றது, பச்சையாகத் தின்னும் சிறு நன்னீர் மீனிலிருந்து வருவது. அல்பெண்டசோல் 400 மி.கி. 10 நாள் கொடுக்க வேண்டும், ஒற்றை மாத்திரை இதற்கு உதவாது. கண்ணளவில் ஊகிக்காமல், மைக்ராஸ்கோப்பில் பொருத்தும் அளவுகோலான மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால்தான் பிடிபடும்.

குடல் ஓட்டையாகி வந்த வயிற்று நீரில் சாப்பாடு மிதக்கும். கீரைத்தண்டின் சுருள் குழாய்கள் லார்வா போலவே இருக்கும். ஆனால் அவற்றுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது, இரு முனையும் வெட்டியது போல இருக்கும். மாவுத் துகள் அயோடினில் நீலக்கருப்பாகும். வாழைப்பழ நார் மலத்தில் புழு போலத் தெரிந்து குடும்பத்தையே கலங்கடிக்கும். எக்ஸ்ரேயில் வயதானவரின் இடுப்பிலோ வயிற்றுச் சுவரிலோ சுருண்ட சுண்ணாம்புக் கோடு தெரிந்தால் அது செத்துப்போன நரம்புச் சிலந்தியாக, அதாவது கினிப்புழுவாக, இருக்கலாம். இந்தியாவில் அதன் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில், நாடு விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000இல். அதற்கு இன்று வைத்தியம் தேவையில்லை.

ஸ்லைடில் என்னவென்று தெரியாத ஒன்று அசைந்தால், முதல் வேலை கைபேசியை ஐபீஸில் வைத்து ஒரு நிமிடம் வீடியோ எடுப்பது. அசைவு அரை மணியில் நின்றுவிடும். மீதித் திரவத்தில் பாதியை 70 சதவீத எத்தனாலில் போடுங்கள், பாதியிலிருந்து சாயம் போட ஸ்லைடுகள் செய்யுங்கள். ரிப்போர்ட்டில் ‘அசையும் சிலியா கொண்ட அமைப்பு, அடையாளம் உறுதிப்படவில்லை’ என்று எழுதலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை. வீடியோவோடு நோயாளியின் வயது, பாலினம், ஊர், ஸ்டீராய்டு எடுக்கிறாரா, மாதிரி எடுத்த நேரம், எந்த டப்பாவில் வந்தது என்பதையும் சேர்த்து அனுப்பினால், பார்க்கிற நிபுணரால் பெரும்பாலும் அன்றைக்கே ஒரு பதில் சொல்ல முடியும்.